சாம்பல்துறைக்குப் புது விதிகள்

...பன்னிரண்டு விழுந்தால் என்ன செய்வது, அதுதான் இடிக்கிறது, இரண்டு தாயக்கட்டையும் வெறும் பக்கத்தைக் காட்டி விழுந்தால் பன்னிரண்டு, கட்டைகள் பதினாறு விதமாக விழலாம், அதில் ஒரே ஒரு விதம்தான் பன்னிரண்டு, அதை இருபது முகம் உள்ள இந்த இங்கிலீஷ் பகடையில் எங்கே கொண்டுபோய் உட்கார வைப்பது, இருபதில் ஒன்று என்றால் குறைந்துபோகிறது, இருபதில் இரண்டு என்றால் கூடிப்போகிறது, பதினாறை எப்படி நீட்டினாலும் இருபது ஆக மாட்டேன் என்கிறது, ஐசக் இருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவான்... ஐசக் இருந்தால் என்று ஏன் நினைக்க வேண்டும், இருக்கத்தானே இருக்கிறான், பெருநகரில், உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரம். முத்துகிருஷ்ணன் டைப்ரைட்டர் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டான். காலை பேட்ச் பிள்ளைகள் போய்விட்டார்கள், இரண்டு மணி பேட்ச் இன்னும் வரவில்லை, இன்ஸ்டிடியூட்டில் எட்டு மெஷின்கள் உறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஜன்னலோரம் இருக்கிற ஒரே தமிழ் மெஷினில் விளையாட்டு விதிகளின் ஸ்டென்சில் தாள் பாதி வெட்டினபடி சுருண்டு நிற்கிறது, நாலு மணிக்கு மாமன் மகன் வேதகிரி வந்து வாங்கிக்கொண்டு போவான், மெட்ராஸில் அவன் கம்பெனி நண்பர்கள் ஆறு பேர் காத்திருக்கிறார்களாம், சைக்ளோஸ்டைல் மெஷினில் ஐம்பது பிரதி உருட்டி எடுப்பார்களாம். முதல் பக்கத்தில் இவன் அடித்து முடித்தது ஞாபகம் வருகிறது, சாம்பல்துறை, கீழே சின்னதாக, ஆக்கம் ப. முத்துகிருஷ்ணன், வேதகிரி, இரண்டே பெயர். அடிக்கும்போது ஒன்றும் தோன்றவில்லையா? தோன்றியது. தோன்றியும் விரல் அடித்துக்கொண்டே போனது, பழகின விரல், அதற்கு என்ன தெரியும்.

சாம்பல்துறை ஐசக் கண்டெடுத்த ஊர். அப்போது அவன் இதே உத்திரமேரூரில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தான், காஞ்சிபுரத்துக்குக் காகிதம் வாங்கப் போனவன் பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்த சித்திரக்கதைப் புத்தகங்கள் ஒன்பதைப் பொறுக்கிக்கொண்டு வந்தான், உள்ளங்கை அகலம், மட்டக் காகிதம், கறுப்பு மசி ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஊறியிருக்கும். அந்தக் கதையில் ஆறு வற்றிப்போன ஒரு துறைமுகப் பட்டணம், கப்பல்கள் மணலில் சாய்ந்து கிடக்கும், ஜனங்கள் கப்பல் வயிற்றுக்குள் குடியிருப்பார்கள், மழை என்று வருவது சாம்பல்தான். அங்கே ராஜகுமாரன் கிடையாது, புதையல் கிடையாது, கதையின் நாயகனுக்குப் பெயர்கூடக் கிடையாது, சுமப்பவன் என்பார்கள், செத்தவர்களைத் தோளில் தூக்கி ஊர் வாசலுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுவது அவன் வேலை, எல்லா வீட்டுக்கும் அவன் வேண்டும், எந்த வீட்டுக்குள்ளும் அவன் வரக்கூடாது. ஒன்பதாவது புத்தகத்தோடு கதை அந்தரத்தில் நின்றது, பத்தாவது வரவேயில்லை. அதற்காக அந்த ஊரை அப்படியே வுட்டுட முடியுமா முத்து, என்றான் ஐசக், நாம பாத்துக்கலாம். அப்படித்தான் விளையாட்டு ஆரம்பமானது, பெருநகரில் இவன் அப்பாவின் நிலத்து மோட்டார் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், ஐசக் மாதாகோயில் முடிந்து வருவான், வேதகிரி சைக்கிளில் வருவான், ஐசக் கதை சொல்வான், மற்ற இரண்டு பேரும் அந்த ஊர்க்காரர்களாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும், நடந்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். வேதகிரி ஒரு கத்திக்காரன். இவன் தாழைக்கோன், கோட்டை வாயில் காவல்காரனின் மகன். மூன்று கழுதை வயசான ஆம்பிளைகள் கொட்டகையில் உட்கார்ந்து பொய் ஊருக்காகச் சண்டை போடுவதைக் களை எடுக்க வந்த பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை வேதகிரியின் கத்திக்காரன் சாகிற மாதிரி ஆகிவிட்டது, ஒரு தடவ மறுபடி உருட்டிக்கிறேண்டா என்று கெஞ்சினான், ஐசக் ஒத்துக்கொள்ளவில்லை, கதை சொல்றவன் கட்டைய ஏமாத்தக்கூடாது, ஏமாத்துனா அப்புறம் அந்த ஊர்ல எவனுமே சாவ மாட்டான், எவனுமே சாவாத ஊரு ஊரா இன்னா. சொல்லிவிட்டு அவன் கண்ணே கலங்கியிருந்தது, கத்திக்காரனுக்காக.

வேதகிரி கொண்டுவந்து கொடுத்த இங்கிலீஷ் விதிப் புத்தகம் மேஜை மேல் விரிந்து கிடக்கிறது, யாரோ வெளிநாட்டுக்குப் போய் வந்தவன் கொடுத்தானாம், கூடவே ஒரு சின்ன டப்பாவில் நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று கண்ணாடிக்கல் மாதிரி பகடைகள். நம்ம சாம்பல்துறைய இதுக்குள்ள ஏத்திடு முத்து, தாயக்கட்டை வச்சிக்கினு ஆடுனா சிரிப்பானுங்க, இது உலகம் பூரா ஆட்றாங்கோ, என்றான். ஏற்றிவிடலாம், அப்படித்தான் நினைத்து ஆரம்பித்தது, ஆனால் புத்தகம் ஒவ்வொரு பக்கத்திலும் முரண்டு பிடிக்கிறது. இதில் கொல்லக் கொல்லப் படி ஏறுகிறார்கள், பலம் கூடுகிறது. சாம்பல்துறையில் ஒருத்தனைக் கொன்றால் பத்து நாள் தூக்கம் வராது, தூக்கம் இல்லாதவனுக்குக் கட்டையில் ஒன்று குறையும், அது ஐசக் போட்ட விதி. இதில் காயம் ராத்திரி படுத்து எழுந்தால் ஆறிவிடுகிறது, அங்கே வெட்டுப்பட்டவன் கடைசிவரை நொண்டுவான். இதில் பூசாரி மந்திரம் போட்டால் செத்தவன் எழுந்துவிடுவான், அப்படியானால் சுமப்பவனுக்கு என்ன வேலை, அவனை எங்கே வைப்பது? இன்னொரு கட்டம், ஒவ்வொருத்தனும் நல்லவனா கெட்டவனா என்று முதலிலேயே எழுதிவிட வேண்டுமாம், விளையாட்டு தொடங்குவதற்கு முன்னாலேயே... யாருக்குத் தெரியும் அது, எவனால் எழுத முடியும். நேற்றுச் சாயங்காலம் தாழைக்கோனுக்கு நேரே அந்தக் கட்டத்தில் வந்து நின்றுவிட்டான், நல்லவன் என்று அடிக்க இரண்டு நொடி ஆகாது, அடிக்கவில்லை. பலத்துக்கு ஒரு எண், புத்திக்கு ஒரு எண், தைரியத்துக்கு இந்தப் புத்தகத்தில் எண்ணே இல்லை. ஐசக்கும் தைரியத்துக்கு எண் வைக்கவில்லை, ஆனால் அவன் சொன்ன காரணம் வேறு, தைரியம் கையிருப்புல கீற பொருளில்ல முத்து, ஒவ்வொரு தபாவும் புச்சா உருட்டணும்.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, எண்பத்தொன்றாம் வருஷம், ஆடி மாசம், கதையில் கோட்டை வாசல் வரை வந்திருந்தார்கள். வேதகிரி அன்றைக்கு வரவில்லை, இரண்டு பேர்தான். கொட்டகைக்குள் வெளிச்சம் கயிற்றுக்கட்டில் பக்கம்தான் விழும், கதை எழுதி வைத்திருக்கிற நோட்டைப் பார்த்துப் படிக்க வேண்டும், அதனால் ஐசக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான், இவன் தரையில். அதில் என்ன இருக்கிறது என்று இவனுக்கு அன்றைக்குத் தோன்றவேயில்லை, உண்மையிலேயே தோன்றவில்லை, ஆனால் ஐசக்குக்குத் தோன்றாமலா இருந்திருக்கும், முதல் நாலைந்து வாரம் அவன் கட்டில் பக்கமே போகாமல் இருந்தான் அல்லவா, இவன்தானே மேல ஒக்காருடா கண்ணு தெரியும் என்று சொன்னது. கரண்ட் வந்துவிட்டது என்று மோட்டார் போட அப்பா வந்தார். பஞ்சாட்சர முதலியார் கத்துகிறவர் இல்லை, கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. வாசலில் நின்று பார்த்தார். நம்ம வூட்டுக் கட்டில்ல ஒக்காந்து ஆட்ற அளவுக்கு ஆயிப்போச்சா, என்றார், யாரிடமோ மழை வருமா என்று கேட்கிற குரலில். ஐசக் எழுந்தான். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றான், அவன் இவனைப் பார்த்தான். அப்பா ஸ்விட்சைப் போட்டார், தொட்டியில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. அப்புறம் இவனிடம், அந்தக் கட்டைங்கள நல்லா கயுவி எட்த்துக்கினு வா, ஒங்கம்மா சாமி ரூம்ல வெக்கிறது, என்றார். இவன் கட்டைகளை எடுத்தான். தொட்டிக்குப் போனான். இரண்டு பித்தளைக் கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கம், புள்ளிக் குழிகளுக்குள் அழுக்கு எதுவும் இல்லை, இருந்தும் கட்டை விரலால் தேய்த்தான், ஏன் தேய்த்தான், வெறுமனே தண்ணீரில் காட்டிவிட்டு எடுத்திருக்கலாமே, யார் பார்த்தார்கள்... தேய்த்துவிட்டுத் திரும்பினால் ஐசக் வரப்பில் போய்க்கொண்டிருந்தான், வேகமாகக்கூட இல்லை. நாலு வருஷம் ஆயிற்று. அச்சக வேலையையும் அந்த மாசமே விட்டுவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். அப்பாவும் போன தையில் போய்ச் சேர்ந்தார். நாலு வருஷத்தில் இவன் ஐசக்குக்கு எழுதினது ஒரே ஒரு இன்லண்ட் கடுதாசி, போன வாரம், நலம், நலமறிய ஆவல், கோட்டை வாசலுக்கு அப்பால் உள்ள கதை நாலாவது நோட்டில் இருக்கிறது, அது கிடைத்தால் உதவியாக இருக்கும். உதவியாக இருக்கும் என்று எழுதினாயே, வெட்கமாக இல்லையா உனக்கு? அதற்கு மேல் எழுதக் கடுதாசியில் இடம் இல்லையா என்ன, முக்கால்வாசி காலியாகத்தான் இருந்தது.

மாடிப்படியில் காலடி கேட்டது, இரண்டு மணிப் பிள்ளைகள் இப்படி மெதுவாக ஏற மாட்டார்கள். ஒரு பெண் வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றாள், முப்பது வயசுக்குள் இருக்கும், ஒரு கையில் மஞ்சள் பை, மறு கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

"டைப் சார் நீங்கதான? பெருநகர்லேர்ந்து வரேன். ஐசக்கு சம்சாரம், செல்லாயி."

ஐசக்குக்குக் கல்யாணம் ஆனதே இவனுக்குத் தெரியாது. உள்ளே வரச் சொல்ல வேண்டும், வா என்பதா, வாங்க என்பதா, ஒரு நொடி தடுமாறி, உக்காரலாமே என்று இரண்டிலும் படாத மாதிரி ஒரு வார்த்தையைச் சொல்லி நாற்காலியைக் காட்டினான். அவள் நாற்காலியைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே பையைத் திறந்தாள்.

"பரவால்ல சார், பஸ்ஸுக்குப் போவணும். கொயந்தைக்கு மருந்து வாங்க வந்தேன், அப்டியே இத்த குட்த்துட்டு வரச் சொன்னாரு. நீங்க லெட்டர் போட்டீங்களாமே."

நாலாவது நோட்டு. அட்டை போய் வேறு அட்டை தைத்திருந்தது, கோதுமை நிறச் சாக்குத் துணியில், அச்சகத்தில் பைண்டிங் செய்கிற மாதிரியே ஒழுங்கான தையல். ஐசக் எப்படி இருக்கிறான் என்று கேட்டான். நல்லா கீறாரு, கொத்தனார் வேலைக்குப் போய்க்கினு கீறாரு, என்றாள். அவரே வந்திருக்கலாமே என்று கேட்க வாயெடுத்து, அதை விழுங்கிவிட்டு, வேறு என்ன சொன்னார் என்றான்.

"ஒண்ணும் சொல்லல சார். திருப்பித் தரத் தேவயில்ல, வச்சிக்கட்டும்னாரு." அவள் காலிப் பையை மடித்தாள். "அதுல இன்னா சார் கீது? வருசத்துல ரெண்டு நாளு, ஆடி மாசம் ஒரு நாளு, கிறிஸ்மஸ் அன்னிக்கி ஒரு நாளு, கோயில் வுட்டு வந்ததும் அத்த எட்த்துக்கினு தனியா ஒக்காந்துக்குவாரு. அவுரே செதுக்குன கட்டை ரெண்டு வச்சிருக்காரு, அத்த ஒரே ஒரு வாட்டி உருட்டுவாரு. அப்புறம் அன்னிக்கி பூரா யாரு கூடவும் பேச மாட்டாரு. கேட்டா, ஒரு ஊரு கீது, அத்தப் பாத்துக்க ஆளில்லன்னுவாரு."

தெரியவில்லை என்று இவன் சொன்னான், பார்த்தால்தான் தெரியும் என்றான். அவள் தலையசைத்துவிட்டு இறங்கிப்போனாள்.

நோட்டின் முதல் பாதி தெரிந்த கையெழுத்து, கோட்டை வாசல், அதன் சாய்ந்த தூண்கள், காவல்காரனின் வளர்ப்பு நாய், எல்லாம் அன்றைக்கு ஐசக் படித்துக் காட்ட வைத்திருந்தவை. அப்புறம் ஒரு பக்கம் காலி. அடுத்த பக்கத்தில் மசி வேறு, எண்பத்தொன்று கிறிஸ்மஸ் தேதி போட்டு எழுதியிருந்தான். சுமப்பவன் கோட்டை வாசலில் களைத்துப்போய்க் கல்மேடையில் உட்கார்ந்திருக்கிறான். வாயில் காவல்காரன் வந்து அவனை எழுந்திருக்கச் சொல்கிறான். காவல்காரனின் மகன் தாழைக்கோன் பக்கத்தில் நிற்கிறான். தாழைக்கோன் பேசுகிறானா? அவ்வளவுதான். கீழே, பன்னிரண்டு விழுந்தால் பேசுவான். விழுந்தது, மூன்று. அதற்குக் கீழே அடுத்த ஆடியின் தேதி, மறுபடி அதே கேள்வி, பன்னிரண்டு வேண்டும், விழுந்தது நாலு. இவன் பக்கத்தைத் திருப்பினான், எட்டு தேதிகள், எட்டு முறை உருட்டியிருக்கிறான், எட்டு முறையும் தாழைக்கோன் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் முறையிலிருந்து ஐசக் விதியைத் தளர்த்திக்கொண்டு வந்திருக்கிறான், பன்னிரண்டோ தாயமோ போதும், மூன்று விழுந்தது, அப்புறம் ஐந்தோ ஆறோ விழுந்தாலும் சரி என்று சேர்த்திருக்கிறான், நாலு விழுந்தது, ஒரு வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் நுணுக்கி எழுதியிருந்தான், கட்டை சுவரில் பட்டுத் திரும்பியது, செல்லாது என்று வைத்துக்கொள்ளலாமா, வைத்துக்கொள்ளக் கூடாது. கடைசி வரி போன மாசம், இரண்டு தவிர எது விழுந்தாலும் பேசுவான். விழுந்தது, இரண்டு. அதற்குக் கீழே எதுவும் இல்லை, நோட்டில் இன்னும் முப்பது பக்கம் வெறுமையாக இருந்தது. பேசினான் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போயிருக்கலாம் அவன், யார் கேட்கப்போகிறார்கள், தனியாக உட்கார்ந்திருக்கிறவன், பார்க்க ஆள் இல்லை, கதை அவனுடையது, கட்டை அவன் செதுக்கினது... எழுதவில்லை. எழுதாமல் நாலு வருஷமாக இவனுக்காகக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலத் திறந்துகொண்டே வந்திருக்கிறான்.

ஸ்டென்சிலை மெஷினிலிருந்து எப்போது உருவினான், படியில் எப்போது இறங்கினான், ஏறி வந்த பிள்ளைகள் வணக்கம் சார் என்றது காதில் விழுந்தது, கதவு பூட்டாமல் கிடக்கிறது, கிடக்கட்டும், பஜார் தெருவில் வெயில் கண்ணைக் குத்தியது. நேரமாகிவிட்டிருக்கும், பஸ் போயிருக்கும், போயிருந்தால் என்ன, அடுத்த பஸ்ஸில் பெருநகருக்கே போவது, காலனிக்குள் போவது, இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தத் தெருவுக்குள் போனதில்லை, ஐசக் வீடு எது என்று யாரைக் கேட்பது, கேட்டால் சொல்வார்கள். ஆனால் பஸ் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் அநேகமாகக் காலியாக நின்றுகொண்டிருந்தது, டிரைவரும் கண்டக்டரும் எதிர்க்கடையில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்கள், செல்லாயி ஜன்னலோரம் தனியாக இருந்தாள், மருந்து பாட்டிலை வெயில் படாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டிருந்தாள். இவன் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றான், மூச்சு வாங்கியது.

"இன்னா சார், நோட்டு மாத்திக் குட்த்துட்டேனா?"

"இல்ல இல்ல. அதுதான். சரியாத்தான் கீது."

"அவுர்கிட்ட எதுனா சொல்லணுமா?"

"ஆமா."

"சொல்லுங்க சார், சொல்லிட்றேன். பஸ்ஸு எடுக்க இன்னும் பத்து நிமிசம் ஆவுமாம்."

பத்து நிமிஷம். அவள் பாட்டிலை மடியில் வைத்துவிட்டு இவன் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள், அவசரம் இல்லாமல், குழந்தை வார்த்தை கோத்துச் சொல்லட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. இவன் வாயைத் திறந்தான். நாலு வருஷமாகப் பேசவில்லையே, பேசவில்லையே என்றுதான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான், குளிக்கும்போது, டைப் அடிக்கும்போது, அப்பாவுக்குக் கொள்ளி வைக்கும்போதுகூட, அன்றைக்கு மட்டும் பேசியிருந்தால், பேசியிருந்தால்... பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? அந்தக் கொட்டகையில், தண்ணீர் சத்தத்துக்கு நடுவே, அப்பாவைப் பார்த்து, எந்த வார்த்தையை முதலில் சொல்லியிருப்பான்? யோசித்துப் பார்த்தான். இத்தனை நாளில் அந்த வாக்கியத்தை ஒரு முறைகூட அவன் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததில்லை, அப்படி ஒரு வாக்கியம் அவனிடம் அன்றைக்கும் இல்லை, இப்போதும் இல்லை. டீக்கடையில் கண்டக்டர் எதற்கோ சிரித்தார். செல்லாயி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.